ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டுச் செங்கல்

சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து ஒன்பதே கால் வரை எங்கள் வகுப்பில் குழந்தைகள் ஒருவரையொருவர் கொல்லலாம். இது என் மகள் கயல்விழி போட்ட விதி. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி என்னும் பெருஞ்சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டாம் மாடியில், பன்னிரண்டு கணினிகளை வைத்து அவள் நடத்தும் வகுப்பு அது. சதுரக் கட்டைகளை அடுக்கிக் கட்டும் ஒரு கணினி விளையாட்டின் வழியாகப் பழங்காலக் கட்டடங்களைப் பற்றிச் சொல்லித்தருகிறோம். அந்த விளையாட்டில் கட்டையும் உண்டு, வாளும் உண்டு. முதல் கால் மணி நேரம் வெட்டிக்கொள்ள விட்டுவிட்டால் மீதி ஒன்றே முக்கால் மணி நேரமும் ஒழுங்காகக் கட்டுவார்கள் என்பது கயலின் எண்ணம். நான் மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து சாவுகளை எண்ணுவேன். சராசரி எண்பத்தாறு. அதிகபட்சம் நூற்று நாற்பத்து மூன்று, அது அடைமழை நாள். "சேர், இவன் என்னை மூண்டு தரம்தான் சாக்காட்டினவன், நாலு எண்டு புளுகிறான்" என்று வழக்கு வரும். நோட்டைப் பார்த்து மூன்றுதான் என்று தீர்ப்புச் சொல்வேன். ஒன்பது வயதுக் குழந்தை பக்கத்து நாற்காலிக் குழந்தையைப் பின்னாலிருந்து குத்திக் கொன்றுவிட்டு, அதே கையால் தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்து அதற்குக் கொடுப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என்னை அவர்கள் இந்தியா சேர் என்பார்கள், நம் ஊர் சார்தான் இங்கே சேர். எண்ணாவிட்டால் இந்தியா சேருக்குச் சோறு இறங்காது என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொல்லிச் சிரிப்பார்கள்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் பொதுப்பணித் துறையில் முப்பத்து நான்கு வருடம் எஸ்டிமேட் போட்டவன். ஒரு கட்டடத்தைக் காட்டினால் எத்தனை செங்கல், எத்தனை மூட்டைச் சுண்ணாம்பு, எத்தனை ஆள் என்று சொல்வதுதான் என் தொழில். ஒரே மகளைக் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்யும் குடும்பத்தில் கொடுத்தேன். அவர்களும் இரண்டு தலைமுறைக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள்தான். மனைவி போன பிறகு மகளோடு வந்து தங்கி ஏழு வருடமாகிறது. வருடத்துக்கு ஒரு முறை விசாவைப் புதுப்பிக்கிறேன். கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து வெள்ளவத்தை வகுப்புக்குப் பஸ்ஸில் போவதற்குள் முப்பத்தொரு தடவை நிற்கிறது. கொள்ளுப்பிட்டியில் மட்டும் ஐந்து தடவை. இதற்கெல்லாம் பயன் ஏதும் இல்லை. ஆனால் எண்ணாமல் உட்கார எனக்குத் தெரியாது.

இந்த ஊருக்கு வந்த புதிதில் என்னைத் திடுக்கிட வைத்தது, இவர்கள் வழி சொல்லும் விதம். நம் ஊரில் கோயில், குளம், கிளப்புக்கடை என்று அடையாளம் சொல்வோம். இங்கே, வயதானவர்கள் முக்கியமாக, "அந்த எரிஞ்ச வீட்டுக்கு எதிர்ப்பக்கம்" என்கிறார்கள். போய்ப் பார்த்தால் எரிந்த வீடு எதுவும் இராது. ஆறு மாடிக் கட்டடம் கண்ணாடி பளபளக்க நிற்கும். கீழே நகைக்கடை. எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்தது, நாற்பது வருடம் ஆகியிருக்கும். வெள்ளவத்தையில் ஒரே ஒழுங்கையில் நான் இப்படி நான்கு வீடுகளை எண்ணியிருக்கிறேன். சொல்கிறவர்களின் குரலில் கோபமோ துக்கமோ இருக்காது. இடது பக்கம் திரும்பு என்பது போலத்தான் சொல்வார்கள். இவ்வளவு சாதாரணமாகவா என்று முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு நான் வந்த சில மாதங்களில், ஓர் ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒரு முறை அதிர்ந்து நின்றது. நான் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். இடி என்று நினைத்தேன். மாப்பிள்ளை வெளியே கூட எட்டிப் பார்க்கவில்லை. எழுந்து கேட்டைப் பூட்டினார், தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறதா என்று பார்த்தார், பேரக்குழந்தைகளை நடு அறையில் உட்கார வைத்தார். மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டார். பக்கத்துத் தேவாலயத்தில் குண்டு வெடித்த சத்தம் அது என்று தெரிவதற்கு முன்பே என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு தேசம் மனிதர்களுக்குச் சொல்லித்தருகிற பாடங்களில் இதுவும் ஒன்று. நம் ஊரில் எனக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. அந்தப் பாடம் தெரியாதவன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போனதால் வந்த வினையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன தவணையில், அதாவது போன பருவத்தில், குழந்தைகள் ஒரு தாதுகோபம் கட்டினார்கள். அனுராதபுரத்தில் இருக்கிறதே, கவிழ்த்த பெரிய பானை போல, அந்த மாதிரி. பௌத்தர்கள் கும்பிடுவது, இங்கே தூபி என்றும் சொல்வார்கள். சதுர மேடை, அதன்மேல் அரைக்கோளம், அதன் உச்சியில் ஒரு சதுரப் பெட்டி, அதற்கு மேல் கூம்பு. சதுரக் கட்டைகளால் உருண்டை வடிவம் கொண்டுவருவது லேசான வேலை அல்ல. ஒவ்வொரு வரிசைக்கும் எத்தனை கட்டை உள்வாங்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். ஒன்பது சனிக்கிழமைகள் ஆயின. மொத்தம் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டுச் செங்கல். அதில் ஏறக்குறைய பாதியை வைத்தவள் நெத்மி என்ற பதினொரு வயதுப் பெண். அவள் அம்மா சுகந்தி வெள்ளவத்தைத் தமிழ்ப் பெண். அப்பா சிங்களவர், கொலன்னாவையில் எண்ணெய்க் கிடங்கில் ஷிப்ட் வேலை. வகுப்பில் அரைச் சிங்களக் குழந்தை அவள் ஒருத்திதான். நான் பார்த்தவரை யாரும் அதை ஒரு விஷயமாக எடுத்ததில்லை. முதல் கால் மணி நேரத்தில் அவளும் எல்லோரையும் போலக் கொன்றாள், எல்லோரையும் போலச் செத்தாள். ஆனால் கட்டத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் என்ன நடந்தாலும் திரும்ப மாட்டாள். கட்டி முடித்ததும் கயல் அந்தக் கட்டடத்துக்கு ஒரு பூட்டுப் போட்டாள். விளையாட்டில் அப்படி ஒரு வசதி உண்டு. பூட்டிவிட்டால் ஒரு கட்டையையும் யாரும் அசைக்க முடியாது. திறக்கும் எழுத்துகளை ஒரு சீட்டில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்தாள்.

இந்தத் தவணைக்கு நான் ஆசையாகக் கேட்டு வாங்கிய பாடம், பொலநறுவையில் சோழர் கட்டிய சிவன் கோயில். சிறிய கோயில்தான். ஆனால் அதைப் பார்க்கப் போனபோது, நாலு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு, என் தாலுகாவில் இறங்கி நிற்பது போல இருந்தது எனக்கு. அதே அடித்தளம், அதே விமானம், அதே எண்பட்டைத் தலை. அந்நிய மண்ணில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் அந்தக் கல். கண் கலங்கினேன். அதை மறைக்கக் கல் வரிசைகளை எண்ணினேன்.

அந்தச் சனிக்கிழமை கயலுக்குக் காய்ச்சல். நான் தனியாகப் போனேன். பழைய கணினிகள். தூபியும் வைத்துக் கோயிலும் கட்டினால் திரை திக்கித் திக்கி ஓடும் என்று கயல் சொல்லியிருந்தாள். தூபியை ஒரு ஓரத்தில் சேமித்து வைத்துவிட்டு வேறு தரை திறக்க வேண்டும். அது எப்படி என்று அவளுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது என் தொழில். எங்கள் துறையில் பழைய கட்டடத்தை இடித்துப் புதிது கட்டும்போது, இடிக்கும் செங்கல்லை எண்ணிப் புதிய எஸ்டிமேட்டில் கழித்துக்கொள்வோம். கும்பகோணத்தில் இடிந்துவிழக் காத்திருந்த ஒரு பழைய சத்திரத்தைப் பிரித்தபோது நான் இருபத்தாறு வயதுப் பையன். சுவரின் உள்ளே பார்த்தேன். வெளியில் தெரியாத இடத்தில் எவ்வளவு நேர்த்தியாகக் கல் வைத்திருந்தான் அந்தக் காலத்துக் கொத்தன். ஒரு கட்டடத்தை எனக்குப் புரியவைத்தது அதை இடித்த நாள்தான். மூன்றாம் நாள் தெற்குச் சுவர் ஓர் ஆளின் மேல் சாய்ந்தது. கடப்பாறையோடு நின்ற மருதையன். கால் மட்டும் வெளியே தெரிந்தது. ஆட்கள் கல்லை வீசி வீசி எடுத்தார்கள். எடுத்து முடித்தபோது அவனுக்கு உயிர் இல்லை. அவன் மேலிருந்து எடுத்த கல் நானூற்றுப் பன்னிரண்டு. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் எண்ணிக்கொண்டு நின்றேன். அப்படி நிற்பதற்குத்தான் துறையில் எனக்கு நல்ல பெயர். எது விழுந்தாலும் கணக்குத் தவறாதவன் என்பார்கள்.

ஆகவே குழந்தைகளிடம் சொன்னேன். இன்று தூபியை இடிப்போம், மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக, எண்ணிக்கொண்டே. அந்தச் செங்கல்லை எடுத்து அடித்தளத்தை நிரப்பி அதன்மேல் சிவன் கோயிலைக் கட்டுவோம். சொல்லிவிட்டு இழுப்பறையைத் திறந்து சீட்டைப் பார்த்துப் பூட்டை எடுத்தேன். அறை அமைதியாயிற்று. ஏழு வருடத்தில் அத்தனை குழந்தைகள் ஒரே நேரத்தில் வாய் மூடி நான் பார்த்ததில்லை. பாடத்தில் கவனம் வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். கொழும்பில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் அந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும். அந்த அறையில் அது தெரியாதவன் நான் ஒருவன்தான்.

நெத்மி எழுந்து என்னிடம் வந்தாள். "சேர், உடைக்க வேணாம். அது என்ட, நான் கட்டினது." பிறகு குரலைத் தாழ்த்தி, "தூபி உடைக்கிறதில்ல சேர்" என்றாள். இது வெறும் கட்டைதானம்மா, கணக்குக்காகத்தான், என்று அவளை உட்காரச் சொன்னேன். அதற்குள் மேலே ஏறிவிட்டார்கள். முதல் இரண்டு வரிசைகள் நான் சொன்னபடி எண்ணி எடுத்தார்கள். மூன்றாவதில் எண்ணிக்கை நின்றுவிட்டது. பன்னிரண்டு வயது ஆரூரன், வகுப்பில் கெட்டிக்காரன், "சோழர் வந்திட்டினம்" என்றான். இரண்டு சொல்தான். பையன்கள் எல்லோரும் வாளை எடுத்தார்கள். வெடிக்கிற கட்டை ஒன்று இருக்கிறது, அதை வைத்தார்கள். அரைக்கோளத்தின் ஒரு பக்கம் பிய்ந்து பறந்தது. நெத்மியின் உருவம் தூபியின் முன்னால் நின்று வருகிறவனையெல்லாம் வெட்டியது. அவளைக் கொன்றார்கள். திரும்ப எழுந்து ஓடி வந்தாள். திரும்பக் கொன்றார்கள். அந்த ஆறு நிமிடத்தில் பத்தொன்பது தடவை. நான் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

தூபியின் நடுவில் அவள் யாருக்கும் தெரியாமல் ஒரு சிறிய அறை வைத்திருந்தாள். நிஜத் தூபியில் தாதுவை, அதாவது புத்தரின் எலும்பு, பல் போன்றதை, வைக்கும் அறை போல. ஆரூரன் அதை உடைத்தான். உள்ளே ஒரு பெட்டி. பெட்டியில் ஒரு மஞ்சள் பூவும், எழுத்துப் பலகை ஒன்றும். பலகையில் வகுப்பிலுள்ள பன்னிரண்டு பேரின் பெயர்களும் எழுதியிருந்தாள். பதின்மூன்றாவது பெயர் இந்தியா சேர். ஆரூரன் அதை உரக்க வாசித்தான். சிலர் சிரித்தார்கள். பிறகு பெட்டிக்குத் தீ வைத்தான். "கொப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, வந்து அணைக்கட்டும்" என்றான், உன் அப்பாவை என்று. நெத்மி தன் எவர்சில்வர் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு மூன்று நாற்காலி தாண்டி நடந்து போனாள். ஓடவில்லை. முகத்துக்கு நேராக ஓங்கி அடித்தாள். புருவம் பிளந்தது. இரத்தம் கணினியின் விசைகள்மேல் கொட்டியது. இரண்டாவது அடி நான் குறுக்கே நீட்டிய கையில் பட்டது. அடித்துவிட்டு அவள் போத்தலைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

என் நெற்றியிலும் ஒரு தழும்பு இருக்கிறது. ஊரில் அரசலாற்றங்கரையில் இருந்த குடிசைகளையும் ஓட்டு வீடுகளையும் அகற்ற உத்தரவு வந்தபோது, இடிக்கும் முன் கணக்கெடுக்க என்னை அனுப்பினார்கள். அறுபத்து மூன்று வீடு. புல்டோசர் பின்னால் உறுமிக்கொண்டு நின்றது. ஒருத்தி தன் அடுப்பங்கரைச் சுவரிலிருந்து ஒரு செங்கல்லைப் பெயர்த்து என் முகத்தில் எறிந்தாள். போலீஸ்காரர்கள் அவளைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போனார்கள். மூன்று தையல். நான் அன்று மாலையே கணக்கை முடித்துக் கொடுத்தேன். அவள் எறிந்த கல்லையும் அவள் வீட்டுக் கணக்கில் சேர்த்தேன், ஒன்று குறையக் கூடாதென்று. இதை ஒரு வேடிக்கைக் கதையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவள் ஏன் புல்டோசர்காரனை விட்டுவிட்டு என்னை அடித்தாள் என்று நான் யோசித்ததே இல்லை. நான் யாரையும் ஒன்றும் செய்யவில்லையே, எண்ணத்தானே செய்தேன் என்பதுதான் என் நினைப்பு.

ஆரூரனுக்கு ஐந்து தையல் போட்டார்கள். காய்ச்சலோடு எழுந்து வந்த கயல் என்ன நடந்தது என்று கேட்டு முடித்ததும் கதவைச் சாத்தினாள். "அப்பா, இடிக்கச் சொன்னதை யாருகிட்டயும் சொல்லாதீங்க. தமிழ் வகுப்புல தூபிய இடிச்சாங்க, ஒரு இந்தியாக்காரர் இடிக்கச் சொன்னாருன்னு ஒருத்தன் போன்ல போட்டா போதும். நாளைக்கு இந்த ஒழுங்கையில ஒரு கண்ணாடி மிஞ்சாது." விளையாட்டில் தகராறு என்று மட்டும் சொல்லிவிடுவோம் என்றாள். குழந்தைகள் சொல்லிவிடுவார்களே என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அன்று மாலை சுகந்தி தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டாள். ஆரூரன் முடியைப் பிடித்து இழுத்தானாம், அதனால் அடித்தாளாம், நெத்மி அப்படிச் சொன்னாளாம். அங்கே இருந்த ஒரு குழந்தையும் வீட்டில் தூபி என்ற சொல்லை எடுக்கவில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முழுக் குற்றத்தையும் அந்தப் பெண் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு, எங்களுக்குக் காவல் நின்றாள். எங்களில் நானும் ஒருவன்.

அந்த வாரம் நான் தூங்கவில்லை. பொலநறுவைக் கோயிலைப் பற்றிப் படிக்க வாங்கிய புத்தகத்தை மறுபடி எடுத்தேன். கோயிலின் அளவுகள் இருந்த பக்கங்களுக்கு மட்டும் அடையாளம் வைத்திருந்தேன். அதற்கு முந்திய பக்கங்களில் அனுராதபுரம் இருந்தது. நம் பக்கத்திலிருந்து போன சோழர் படை தூபிகளின் தாது அறைகளை உடைத்து உள்ளிருந்ததை எடுத்துப்போனதாக இந்த நாட்டின் பழைய வரலாற்று நூல் சொல்கிறதாம். நாம் பள்ளிக்கூடத்தில் சோழன் ஈழம் வென்றான் என்று ஒரு வரியில் படித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டோம். இங்கே அந்த ஒரு வரியைப் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இரு வீட்டாரும் வகுப்பறைக்கு வந்தார்கள். ஆரூரனின் தந்தை சிவநேசன், கணக்காய்வு வேலை, அளந்து பேசுகிறவர். பையனின் புருவத்தைக் கயலுக்குக் காட்டினார். "ஒரு அங்குலம் கீழ பட்டிருந்தா என்ர பிள்ளைக்குக் கண் இல்லை. நான் பொலிசுக்குப் போகாம இஞ்ச வந்து கதைக்கிறது உங்கட முகத்துக்காக. ஆனா இந்தப் பிள்ளை இனி இஞ்ச இருக்கேலாது." கயல் தலையசைத்தாள். சுகந்தியும் தலையசைத்தாள். நெத்மியின் தந்தை வேலை உடுப்போடு நேராக வந்திருந்தார், அறை முழுக்க மண்ணெண்ணெய் வாசம். மகளிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவள் முடியைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பொய்யையே திரும்பச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவர் கையை ஓங்கி அவள் கன்னத்தில் அறைந்தார். சிவநேசன் பக்கம் திரும்பி, "சமாவென்ன மாத்தயா" என்றார், மன்னியுங்கள் ஐயா என்று. சிவநேசன் இதை எதிர்பார்க்கவில்லை. அரை அடி முன்னால் வந்து நின்றுவிட்டார். ஆரூரன் தரையைப் பார்த்தான். இரண்டாவது அறை விழுந்தது. அவள் அழவில்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுத்தாயே என்ற பார்வை இல்லை அது. நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று பயந்து பார்த்தாள்.

மூன்றாவதற்குக் கை எழுந்தபோது நான் பேசினேன். "அடிக்காதீங்க. இடிக்கச் சொன்னது நான். அவ கட்டின தூபிய நான்தான் இடிக்கச் சொன்னேன். வேணாம்னு சொன்னா, நான் கேக்கலை." உடைத்தது, வெடித்தது, பெட்டி, பூ, பெயர்கள், தீ, எல்லாவற்றையும் சொன்னேன். கயல் கண்ணை மூடிக்கொண்டாள். அவருக்கு என் தமிழ் விளங்கவில்லை. மனைவியைப் பார்த்தார். நான் சொன்னது பதினொரு வாக்கியம். சுகந்தி அவருக்குச் சிங்களத்தில் சொன்னது இரண்டே வாக்கியம், அதுவும் சின்ன வாக்கியங்கள். அவர் கை இறங்கியது. என்னை நோக்கி வந்தார். அடிதான் என்று நினைத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அவர் என் தோளில் கையை வைத்து அழுத்தி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது. சுகந்தி என்ன இரண்டு வாக்கியம் சொன்னாள் என்பதும் தெரியாது. கயலுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். கேட்டேன். "விடுங்கப்பா" என்றாள். அவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து என்னை எதிலிருந்தோ காப்பாற்றியிருக்கிறார்கள், எதிலிருந்து என்று மட்டும் எனக்குச் சொல்ல மாட்டார்கள்.

சிவநேசனுக்கு என் பதினொரு வாக்கியமும் விளங்கியது. மகனை முன்னால் அனுப்பிவிட்டு வாசலில் நின்றார். "ஐயா, இதை வெளியில ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். பிறகு, "எண்பத்து மூண்டில எனக்கு ஆறு வயசு. எங்கட வீட்டை எரிக்க வரேக்க வாசல் கேற்றடியில ஒரு ஆள் பேப்பரோட நிண்டவர். ஆரையும் அடிக்கேல்லை, ஒண்டையும் கொளுத்தேல்லை. வீட்டு நம்பரைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டவர். எனக்கு மற்ற முகம் ஒண்டும் ஞாபகம் இல்லை, அந்த முகம் மட்டும்தான்." என் கையில் நோட்டு இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்துத்தான் சொன்னாரோ, தெரியாது.

அவளை நிறுத்தச் சொன்ன பேச்சைச் சிவநேசன் பிறகு எடுக்கவில்லை. நெத்மி மூன்றாவது சனிக்கிழமை வந்தாள். ஆரூரன் ஐந்தாவதில் வந்தான், புருவத்தில் மயிர் முளைக்காத ஒரு கோட்டோடு. இருவரும் அறையின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். இன்னமும் பேசிக்கொள்வதில்லை. கயல் அந்தக் கால் மணி நேரத்தை எடுத்துவிட்டாள். குழந்தைகள் அவளுக்குத் தெரியாமல் கொன்றுகொள்கிறார்கள். வந்த அன்று நெத்மி என்னிடம் கேட்டது ஒன்றுதான், தூபியை யார் திரும்பக் கட்டுவது என்று. எல்லோருமாகக் கட்டலாம், நான் கணக்குச் சொல்கிறேன் என்றேன். "இல்ல சேர். நீங்க கட்டுங்க. எண்ணினது காணும், போதும்."

எழுபத்து நான்கு வயதில் நான் என் கையால் எதையும் கட்டியவன் இல்லை. நாலு விசைகளில் நடக்க வேண்டும், இன்னொன்றில் குதிக்க வேண்டும், மவுஸால் கல்லை வைக்க வேண்டும். முதல் நாள் பதினேழு கல் வைத்தேன், அதில் ஒன்பது கோணல். நெத்மி பின்னால் நின்று, உள்ளுக்கு, உள்ளுக்கு, என்பாள். உதவ மாட்டாள். மேலே ஏற ஏற விழுந்து சாகிறேன். பையன்கள் யாரும் என்னைக் கொல்வதில்லை, தேவையும் இல்லை. செத்தால் நம் உருவம், உலகம் தொடங்குகிற இடத்தில், ஆளில்லாத ஒரு கடற்கரையில் போய் எழுகிறது. அங்கிருந்து தூபிக்கு மறுபடி நடந்து வர வேண்டும். என் விரல்களுக்கு அது ஐந்து நிமிட நடை. போன சனிக்கிழமை ஆறு தடவை விழுந்தேன்.

ஆறாவது தடவை நெத்மி பொறுமை இழந்தாள். "சேர், இன்னும் கட்டில் வெக்கல்லையா?" எனக்குப் புரியவில்லை. அவள் என் விசைகளைத் தட்டி ஒரு கட்டில் செய்து என் உருவத்தின் கையில் கொடுத்தாள். இதை ஓரிடத்தில் போட்டு ஒரு தடவை படுத்தால் போதும், பிறகு எங்கே செத்தாலும் அந்தக் கட்டிலில்தான் எழும்புவீர்கள் என்று விளக்கினாள். எங்கே போடுவது என்று கேட்டேன். "அத நீங்கதான் சொல்லணும்." ஒரு குழந்தை தூபியடியில் என்றது. இன்னொன்று, இடையில் அவர்கள் தொடங்கி அரைகுறையாக நின்றுவிட்ட சிவன் கோயிலுக்குள் சுவராவது இருக்கிறது என்றது. அறையின் அந்தக் கோடியிலிருந்து ஆரூரன், திரையிலிருந்து தலையைத் தூக்காமல், "இந்தியாவில வையுங்கோ" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். நெத்மி சிரிக்கவில்லை, நான் எங்கே என்று சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

கயல் ஒரு தடவை இதையே வேறு விதமாகக் கேட்டிருக்கிறாள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இங்கே பொரளை மயானத்திலா, அல்லது விமானத்தில் கொண்டுபோய்க் காவிரிக் கரையிலா என்று. விண்ணப்பம் கொடுக்க நாளாகுமாம், முன்கூட்டியே தெரிந்தால் நல்லதாம். பார்க்கலாம் என்று எழுந்து போய்விட்டேன்.

பதினொரு மணி ஆகிவிட்டது. குழந்தைகள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். நெத்மி, முடிவு செய்யாமல் அணைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினாள். மற்றத் திரைகள் எல்லாம் அணைந்தன. என் திரையில் இடது பக்கம் பாதி எழும்பிய தூபி, வலது பக்கம் கூரையில்லாத கோயில், பின்னால் கடல். நடுவில் என் உருவம் இரண்டு கைகளாலும் கட்டிலைச் சுமந்துகொண்டு நிற்கிறது. கயல் கீழே நின்று, வாங்கப்பா, பஸ் வந்துவிடும் என்று கூப்பிட்டாள்.